கவென்ட்ரிக்குப் போன அடி

கவென்ட்ரி, இங்கிலாந்து
12 ஜனவரி 2025

அன்புள்ள வெள்ளச்சிக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரர் மாதன் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பாடம் இதைப் பார்த்துத்தானே எழுதினாய்! உன் பழைய போன் நம்பரில் யாரோ சேலத்துக்காரர் எடுக்கிறார். மூன்று முறை "ராங் நம்பருங்க" என்றவர், நான்காம் முறை திட்டிவிட்டார். நம்மோடு படித்த தேவிப்ரியாதான் நீ கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் டீச்சராக இருக்கிறாய் என்று சொன்னாள். அதனால் பள்ளி முகவரிக்கே எழுதுகிறேன்.

எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஆறு வருடமாகிறது. அதைச் சொல்ல எழுதவில்லை. நான் ஒரு பேண்டில் டிரம் வாசிக்கிறேன்!

ஸ்கா என்று ஓர் இசை. ஜமைக்கா தீவில் பிறந்தது. அங்கிருந்து வேலைக்கு வந்தவர்களோடு கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தது. எழுபதுகளின் கடைசியில் இதே கவென்ட்ரியில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து அதை மறுபடி எழுப்பினார்கள். தெருவில் நிறச்சண்டை நடந்த காலம் அது. மேடையில் மட்டும் இரண்டு நிறமும் சேர்ந்து ஆடியது. அந்த இசையில் ஒரு விசேஷம் உண்டு. கிட்டார் தாளத்தின் மேல் விழாது, இரண்டு தாளத்துக்கு நடுவில் விழும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டெரிக் என்று ஒருவர் நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகிற வேலை பார்க்கிறார். வயது அறுபத்தாறு. அவர் அப்பா ஜமைக்காவிலிருந்து வந்து இந்த ஊர் கார் தொழிற்சாலையில் உழைத்தவர். டெரிக் இருபது வயதில் ஒரு ஸ்கா பேண்டில் பாஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். போன வருடம் ஒரு மத்தியானம், கேண்டீனில் சும்மா உட்கார்ந்து தட்டில் ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தேன். காலி வண்டியோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். "சிஸ்டர், இதை எங்கே பிடித்தீர்கள்? இது எங்கள் அடி" என்றார். "இல்லை, இது கள்ளக்குறிச்சி அடி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரம் கிட்டாரோடு வந்தார். சமையலறை ஆள் ஒருவர் டிரம்பெட் எடுத்தார். எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணிடம் சாக்ஸபோன் இருந்தது. பேண்டு பிறந்துவிட்டது. பெயர் 'ஆஃப் டியூட்டி'.

ஜூனில் எங்கள் முதல் இசைத்தட்டு வரப்போகிறது. முதல் பாட்டு 'சங்கராபுரம் பஸ்'. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், எழுதிப் பாடியதும் நான்தான். நம் பள்ளி பேண்டு அடிதான் அதற்கு உயிர். இந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக் குதிக்கிறார்கள். யாரிடம் சொன்னால் இது புரியும்? உன்னிடம்தான்.

பதில் போடு.

உன் பழைய பெஞ்சுத் தோழி,
ராதிகா

*

வெள்ளிமலை
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ராதிகாவுக்கு,

நலம். என் கல்யாணத்துக்கு வராதவளுக்குப் பதில் போடக் கூடாது என்றுதான் நினைத்தேன். கடிதத்தை மூன்று முறை படித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. நர்ஸ் உடுப்போடு நீ டிரம் அடிப்பதை நினைத்து ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன்.

இங்கே சாமை அறுப்பு முடிந்தது. மாதன் மரவள்ளி போட்டிருக்கிறார், நன்றாக இறங்கியிருக்கிறது. எனக்கு ஆறாம் வகுப்பு. பள்ளிக்குப் பக்கத்தில் போன் சிக்னல் கிடையாது. ஒரே ஒரு வளைவில் நின்றால் ஒரு கோடு வரும், பேச ஆரம்பித்தால் போய்விடும். கடிதம்தான் நம்பகமானது.

ஒன்று கேட்க வேண்டும். 'நம் பள்ளி பேண்டு அடி' என்று எழுதியிருக்கிறாய். நீ பெரிய டிரம், நான் சைடு டிரம். குடியரசு தினத்துக்கு விழுப்புரம் மைதானத்தில் வாசிக்கப் பழகினோமே, எந்த அடியைச் சொல்கிறாய்? எல்லாரும் சேர்ந்து அடித்ததா, நான் அடித்ததா?

எனக்கு அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. பி.டி. டீச்சர் கமலா விசிலை எடுத்து என் டிரம் மேலேயே தட்டினார். "ஏய் வெள்ளச்சி, இன்னா அடிக்கிற நீ? எல்லாரும் காலு வெக்கிற எடத்துல அடிச்சா, நீ மட்டும் காலு தூக்கற எடத்துல அடிக்கிறியே!" என்றார்.

"டீச்சர், தலையில சுமை இருந்தா அங்கதான் டீச்சர் உழும்" என்றேன். "காலு மொதல்ல உழும், சுமை அப்புறம் உழும்."

மலையிலிருந்து மூட்டை தூக்கி இறங்கி இறங்கி என் கழுத்து தானாகக் கற்றுக்கொண்டது அது. யாரும் சொல்லித்தரவில்லை. கமலா டீச்சர் என்னை வரிசையை விட்டு வெளியே நிறுத்தினார். நீ மட்டும் சாயங்காலம் பஸ் வரும்வரை, "இன்னொரு தபா அடிடி, இன்னொரு தபா அடிடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பெஞ்சு மேல் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாய்.

அந்த அடியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அது என்னுடையது என்றும் அவர்களிடம் சொல்லிவிடு. டெரிக் ஐயாவுக்கு என் வணக்கம். அவர் ஊரிலும் சுமை தூக்கியிருப்பார்கள் போல.

அன்புடன்,
வெள்ளச்சி

*

கவென்ட்ரி
20 பிப்ரவரி 2025

என் வெள்ளச்சிக்கு,

அதே அடிதான்! உன் அடிதான்! சுமை விழுகிற கதையை எழுதியிருந்தாயே, அதை டெரிக்கிடம் சொன்னேன். "என் பாட்டி வாழைத்தார் சுமந்தவள். அப்படித்தான் நடப்பாள்" என்றார். 

இங்கே தலைகால் தெரியாத ஓட்டம். எங்கள் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்கிற சைமன், ஒரு இசைப் பத்திரிகையில் என் பேட்டி வரச் செய்திருக்கிறான். கோடையில் கடலோர நகரம் ஒன்றில் நடக்கும் பெரிய விழாவுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்டாயிரம் பேர் வருவார்களாம். உன் பெயரை இசைத்தட்டின் அட்டையில் போடுவதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதே. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பெரிய கடிதம் பிறகு.

முத்தங்களுடன்,
ராதிகா

*

வெள்ளிமலை
17 மார்ச் 2025

ராதிகாவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருக்கிறாய், படத்தில் பார்த்தேன்.

சனிக்கிழமை பள்ளி வேலையாகச் சங்கராபுரம் போனோம், நானும் எங்கள் கணக்கு சார் ராஜேஷ்குமாரும். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, "உங்க ஃபிரண்டு பேண்டு பேரு இன்னா டீச்சர்?" என்று கேட்டுப் போனில் தேடினார். உன் பேட்டி வந்தது. படித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா டீச்சர், அவங்களும் நம்ம மலையா? சொல்லவேயில்ல நீங்க."

போனை வாங்கி நானே படித்தேன். 'கல்வராயன் மலைப் பழங்குடியின் மகள். தன் மக்களின் தாளத்தை நெஞ்சில் சுமந்து கடல் கடந்தவள்.' மேலே உன் படம். கழுத்து நிறையப் பாசிமணி. எந்த மலையில் வாங்கினாய்? நான் போட்டதில்லை, என் மாமியார் போட்டதில்லை, இந்தப் பஞ்சாயத்தில் யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

கீழே நைனார்பாளையத்தில் உன் அப்பாவின் நெல்வயல் எப்போது மலை ஏறியது?

ஒன்று எழுதுகிறேன். இதுவரை நான் வாய் திறந்து சொல்லாதது. பத்தாம் வகுப்புப் பொங்கலுக்கு உங்கள் வூட்டுக்குக் கூப்பிட்டாய். வந்தேன். உன் அம்மா லட்சுமியம்மாள் முகம் நிறையச் சிரித்து "வாம்மா" என்றார். எல்லாருக்கும் கூடத்தில் இலை போட்டார். எனக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போட்டார். "மலைக்காரப் பொண்ணு, காத்தோட்டமா உக்காந்து சாப்புடட்டும்" என்றார். நீ கூடத்திலிருந்து என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ எழுந்து வரவில்லை. உனக்கும் பதினைந்து வயசுதான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது கேட்கிறேன். மலைக்காரி என்ற பெயர் கொட்டகையில் உட்காரும்போது எனக்கு, மேடையில் உட்காரும்போது உனக்கா?

அடிக்காக நான் சண்டை போடவில்லை. டெரிக் ஐயா ஊரிலும் அது இருக்கிறது. நடக்கிறவர்கள் யாருக்கும் அது வரும். ஆனால் நான் யார் என்பது எனக்கு மட்டும்தான் வரும். அதைத் தொடாதே.

நான் பயப்படவுமில்லை, கெஞ்சவுமில்லை. உனக்கே சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் இதற்குப் பதில் வேண்டாம்.

மா. வெள்ளச்சி
இடைநிலை ஆசிரியை

*

கவென்ட்ரி
14 ஏப்ரல் 2025

அன்புள்ள வெள்ளச்சிக்கு,

இன்று சித்திரை ஒன்று. வாழ்த்துச் சொல்லத் தகுதியில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பத்திரிகைக்காரன் தானாக எழுதிவிட்டான் என்று சொல்லிவிடலாம். பாதி உண்மை. "மலையிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டான். "மலை அடிவாரத்திலிருந்து" என்றேன். அச்சுக்கு முன்னால் எனக்கு அனுப்பினான். நான் படித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்தியிருப்பான். படிக்க அழகாக இருந்தது, அதனால் சும்மா இருந்தேன். பாசிமணி சைமன் வாங்கிவந்தது. கழுத்தில் போட்டது நான்தான்.

உன் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி டெரிக்குக்குப் படித்துக்காட்டினேன். அவர் வீட்டு கார் ஷெட்டில்தான் நாங்கள் வாசித்துப் பழகுவோம். கேட்டு முடித்தார். பிறகு கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"ராதிகா, நான் வாசித்த பேண்டின் முதல் பாட்டுக்கு பாஸ் அமைத்தது நான். பத்திரிகையில் படம் வந்தபோது ஓரத்தில் நின்ற என்னை மட்டும் வெட்டிவிட்டார்கள். இசைத்தட்டில் வேறொருவன் பெயர் வந்தது. நாற்பத்தைந்து வருடமாக அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் அணைத்துவிடுகிறேன். நான் இருக்கிற பேண்டில் அது நடக்காது. அந்த டீச்சர் சரி என்று சொல்கிறவரை இந்தப் பாட்டை நான் தொடமாட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பத்திரிகைக்கு எழுதினேன். நான்கு வரித் திருத்தம் போட்டார்கள். கடலோர விழாக்காரர்கள் அந்தக் கதைக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டார்களாம். நர்ஸ் டிரம் அடிக்கிறாள் என்பது அவர்களுக்குப் போதவில்லை, எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். சைமன், "ஒரு வரியில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டிரம்பெட்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் தேதி இந்த ஊர் கிளப் ஒன்றில் நிகழ்ச்சி. இருநூறு பேர் இருப்பார்கள். மைக்கில் சொன்னேன்: நான் மலைப் பெண் இல்லை, சமவெளியில் வயல் வைத்திருக்கிற குடும்பம், இந்த அடி என் தோழி வெள்ளச்சியுடையது, நான் பெஞ்சு மேல் கற்றுக்கொண்டேன். யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "சரி, பாட்டை ஆரம்பிங்க" என்று கத்தினார். ஆரம்பித்தோம். வேறு பாட்டு.

அம்மாவிடமும் போனில் கேட்டேன். "அப்படியா செஞ்சேன் நானு?" என்றார். எனக்கு அழுகை வந்து போனை வைத்துவிட்டேன். அந்தப் பொங்கலில் நான் உன்னைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வெள்ளச்சி. மறந்ததாக ஒருநாளும் நடித்ததில்லை. எழுந்து வராததற்குக் காரணம் பயமில்லை. இலையில் வடை போட்டிருந்தார்கள், எழுந்தால் தம்பி சரத்குமார் எடுத்துவிடுவான். அவ்வளவு சின்னக் காரணம். அதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது.

இதோடு பென்டிரைவில் பாட்டு இருக்கிறது. அட்டை இன்னும் அச்சாகவில்லை. பாட்டு இசைத்தட்டில் இருக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று நீ சொல். எது சொன்னாலும் அப்படியே.

ராதிகா

*

வெள்ளிமலை
2 ஜூன் 2025

அன்புள்ள ராதிகாவுக்கு,

நலம். பதில் தாமதம். வேண்டுமென்றேதான் தாமதித்தேன். முதலில் சில காரியங்களை நான் செய்யவேண்டியிருந்தது.

பாட்டைப் பள்ளி கம்ப்யூட்டரில் போட்டேன். மாதன் கதவோரம் நின்று முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் கீது. அந்தப் பெரியவரு கிட்டாரு தரையப் புடிச்சிக்கினு நிக்குது. உன் ஃபிரண்டுதான் கொஞ்சம் அவசரப்படுது" என்றார். எனக்கும் அதேதான் பட்டது. ஆனால் பொய்யாக எதுவும் இல்லை. நீ உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறாய். இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் அடக்கிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உன் அம்மா வந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, விசாரித்து விசாரித்து எங்கள் வூட்டுக்கே வந்து நின்றார்.  தண்ணீர் கேட்டார், சொம்போடு கொடுத்தேன், குடித்தார். பிறகு சொன்னார்:

"எம் பொண்ணு போன்ல அழுதா. நா அன்னிக்கி செஞ்சது எனக்கு ஞாபகமே இல்லம்மா. எத்தினி வாட்டி நெனச்சுப் பாத்தும் வரல. உனக்கு இத்தினி வருசம் மறக்கல. எனக்கு ஞாபகமே இல்லாம போச்சு பாரு, அதான் எனக்குத் தூக்கம் புடிக்கல."

நான் 'பரவாயில்லைங்க' என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. "சாப்புட்டுட்டுப் போங்க" என்றேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கடைசி பஸ்ஸுக்கு நான்தான் கூடப் போய் ஏற்றிவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. இந்த அடி கவென்ட்ரியில் கேட்டாயிற்று. இங்கே யாரும் கேட்டதில்லை. உன்னைத் தவிரக் கேட்டவர் கமலா டீச்சர் ஒருவர்தான், அவரும் வெளியே நிறுத்திவிட்டார். முதலில் அது இங்கே வாசிக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் உனக்குப் பதில்.

மலையில் கோடை விழா போட்டார்கள். நான் போய் எழுதிக் கொடுத்துப் பத்து நிமிடம் வாங்கினேன். சங்கராபுரத்தில் வெங்கடேசன் என்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட்காரர் இருக்கிறார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். இரண்டு முறை கேட்டார்.

"இதுக்கு எதுக்குங்க நோட்டு? நம்ம ஊர்வலத்துல ஊதறதுதான். நடுவுல நடுவுல மூச்சு வுடுது, அவ்ளோதான்" என்றார். நான்கு டிரம்பெட்டோடு வந்துவிட்டார். சைடு டிரம் நான். பத்தொன்பது வருடம் கழித்துத் தோளில் மாட்டினேன். வார் இரண்டு துளை தள்ளிப் போடவேண்டியிருந்தது, அதை விடு.

மேடையில் அறிவிப்பாளர், "அடுத்து, லண்டன் புகழ் பாடல்!" என்றார். நான் நேராகப் போய் மைக்கை வாங்கினேன்.

"லண்டன் பாட்டு இல்லீங்க இது. இதுல இருக்கிற அடி என்னுது, நா இந்த ஊர்க்காரி. பாட்டு எழுதுனது என் ஃபிரண்டு, நைனார்பாளையம். அதுக்கு கிட்டாரு போட்டவரு டெரிக்குன்னு ஒரு பெரியவரு, அவங்கப்பா ஜமைக்கா. மூணு ஊரு பாட்டுங்க இது. கேளுங்க."

வாசித்தோம். முதலில் கூட்டம் தப்பான இடத்தில் கை தட்டியது. கமலா டீச்சர் போலவே, கால் வைக்கிற இடத்தில். நான் விடவில்லை, இன்னும் ஓங்கி அடித்தேன். மகளிர் குழு கடையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மாள் கரண்டியோடு வெளியே வந்து ஆட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் அந்த வரிசைக் கடைப் பெண்கள் எல்லாரும். அதற்குப் பிறகு யாரும் தப்பாகத் தட்டவில்லை. பத்து நிமிடம் கேட்டேன், இருபத்தைந்து நிமிடம் வாசித்தோம். வெங்கடேசன் இறங்கும்போது, "டீச்சர், இத கல்யாணத்துக்கு ஊதலாமா?" என்றார். "ஊதுங்க, யாருதுன்னு சொல்லிட்டு ஊதுங்க" என்றேன்.

ஆகவே, இப்போது பதில். பாட்டை வெளியிடு. அட்டையில் இப்படிப் போடு: பாட்டும் டிரம்மும் ராதிகா, நைனார்பாளையம். பாஸ் டெரிக், கவென்ட்ரி. அடி வெள்ளச்சி, கல்வராயன் மலை. ஓர் எழுத்தும் கூட்டாதே, குறைக்காதே. என் படம் வேண்டாம். டெரிக் ஐயாவின் படம் கட்டாயம் வேண்டும், நடுவில்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லாதே. கோபம் இருக்கிறது, முன்பைவிடக் கம்மி. அதே சமயம் போன மாதம் முழுக்கத் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம், "வெளிநாட்டுக் கடுதாசி எதுனா வந்துச்சா?" என்று கேட்டேன். இன்னும் பதில் போடாதவள் நான்தான் என்று தெரிந்தே கேட்டேன்.

கோடை விழாவில் வாசிக்கும்போது கடைசிப் பகுதியில் எனக்கு வேறோர் அடி கிடைத்தது. இது அதைவிட நல்ல அடி. எழுதி வைத்திருக்கிறேன், மாதனுக்கு மட்டும்தான் காட்டியிருக்கிறேன். உங்கள் இரண்டாவது தட்டுக்கு வேண்டுமென்றால் கேள்.

இந்தத் தடவை முன்னாடியே கேள்.

வெள்ளச்சி